ஜேக்கபியன் என்பது ஒரு நிறமா?

இந்த முறை விமரிசனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது புத்தகம் இல்லை, ஒரு வண்ண அட்டை. மரத்தரைக்குப் பூசும் ஸ்டெயின் நிறங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக அச்சடித்து, கடையில் இலவசமாகத் தருவார்களே, அது. கடந்த நான்கு மாதத்தில் எங்கள் வீட்டில் அதிகம் படிக்கப்பட்ட பிரதி அதுதான். அதிகம் வாக்குவாதம் நடந்ததும் அதை வைத்துத்தான். கூடவே ஜான் ரஸ்கின், குஸ்டாவ் ஸ்டிக்லி என்ற இரண்டு பேரையும் இழுத்து வரப்போகிறேன். நீளமான குறிப்பு. நிறத்தை மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

1. பிரச்சினை

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கியது 1950-களில் கட்டிய வீடு. கீழ்த்தளம் முழுக்க கார்ப்பெட். ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இரண்டேகால் அங்குல அகலத்தில் ரெட் ஓக் பலகைகள். இந்தப் பகுதியில் அந்தக் காலத்து வீடுகளில் இது சாதாரணம். கார்ப்பெட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, தரையைத் தேய்த்து மெருகேற்றலாம் என்று முடிவு செய்தோம். அதுவரை ஒற்றுமை. என்ன நிறம் என்று வந்ததும் ஒற்றுமை போய்விட்டது.

மனைவிக்கு அடர் நிறம் வேண்டும். அட்டையில் 'ஜேக்கபியன்' என்று போட்டிருந்த, கிட்டத்தட்ட கருப்பான பழுப்பில் விரல் வைத்தார். எனக்கு எதுவுமே பூச வேண்டாம், மரம் மரமாக இருக்கட்டும். "சாயம் பூசுறது பொய்தானே" என்றேன். "அப்ப நீங்க தலைக்கு டை அடிக்கிறது?" என்று பதில் வந்தது. அன்றைய விவாதம் அங்கே முடிந்தது.

ஆனால் 'பொய்' என்ற சொல்லை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இதற்கு முந்தைய வீட்டில் 2014-இல் தரைக்குச் சாம்பல் நிறம் பூசினோம். எங்கள் இரண்டு பேருக்குமே சாம்பல் பிடிக்காது. ஆனால் அப்போது எங்கு பார்த்தாலும் சாம்பல். விற்கும்போது நல்ல விலை போகும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஏழு வருடம் அந்தத் தரையில் நடந்தோம். விற்கப் போனபோது வாங்க வந்தவர்கள், "இந்தச் சாம்பல் தரையை மாற்ற வேண்டியிருக்கும்" என்று சொல்லி விலையில் குறைத்துக் கேட்டார்கள். ஆக, ஏழு வருடம் யாருக்காக அந்தத் தரையில் நடந்தோமோ, அவருக்கும் அது பிடிக்கவில்லை.

இந்த முறை தப்பு செய்ய இடமும் குறைவு. முக்கால் அங்குலத் தடிமனுள்ள பலகையில், நாக்கும் காடியும் சேரும் இடத்துக்கு மேலே தேய்க்கக்கூடிய மரம் சுமார் கால் அங்குலம்தான். ஒவ்வொரு முழுத் தேய்ப்பிலும் ஏறத்தாழ 1/32 அங்குலம் போய்விடும். எங்கள் தரையை ஏற்கெனவே யாரோ ஒரு முறையாவது தேய்த்திருக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் சுவரில் பெயின்ட் மாற்றுவது போல மாற்றிக்கொண்டே இருக்க முடியாது.

2. அட்டையை வாசித்தல்

அமெரிக்கக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மின்வாக்ஸ், டூராசீல் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். பெயர்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஜேக்கபியன், ப்ரொவின்ஷியல், ஏர்லி அமெரிக்கன், ஸ்பெஷல் வால்நட், டார்க் வால்நட், இங்கிலீஷ் செஸ்ட்நட், கோல்டன் ஓக், எபொனி. இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒரு வகை, ஏதோ ஒரு காலத்தின் பெயர். இன்னொரு வகை, ஏதோ ஒரு மரத்தின் பெயர். டப்பாவுக்குள் இருப்பதோ எண்ணெயில் கலந்த இரும்பு ஆக்சைடும் அதன் உறவினர்களும். எந்தக் காலமும் இல்லை, எந்த மரமும் இல்லை.

காலப் பெயர்களை முதலில் பார்ப்போம். ஜேக்கபியன் என்பது இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் ஆண்ட 1603 முதல் 1625 வரையான காலம். ஜேம்ஸுக்கு லத்தீனில் ஜேக்கபஸ், அதிலிருந்து வந்த சொல். அந்தக் காலத்து ஓக் மேசை நாற்காலிகள் இன்று கருத்துப்போய் இருப்பது உண்மை. ஆனால் அது 400 வருடப் புகையும் மெழுகும் கைபட்ட அழுக்கும் சேர்ந்து உண்டாக்கிய கருமை. செய்து வைத்த அன்று அவை தேன் நிறத்தில்தான் இருந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பாணிக்கு மறுபடி மவுசு வந்தபோது, புதுச் சாமான்களையும் பழசு போலக் கருப்பாகச் சாயமேற்றினார்கள். அதாவது இந்தப் பெயர் ஜேம்ஸின் காலத்தைச் சொல்லவில்லை, அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பின்னால் வந்தவர்கள் கற்பனை செய்துகொண்டதைச் சொல்கிறது.

ஏர்லி அமெரிக்கன் இன்னும் வேடிக்கை. ஆரம்பகாலக் குடியேறிகளின் வீடுகளில் தரை என்றால் பெரும்பாலும் அகலமான பைன் பலகைகள். பூச்சு எதுவும் கிடையாது. மணல் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். வசதியானவர்கள் பிற்பாடு அதன்மேல் பெயின்ட் அடித்தார்கள், பெயின்ட் அடித்த துணியை விரித்தார்கள். இயந்திரத்தில் நாக்கும் காடியும் வெட்டிய குறுகலான ஓக் பலகைகள் சாதாரண வீடுகளுக்கு வந்ததே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சிக்குப் பிறகு, 'நம்ம தாத்தா பாட்டி காலம்' என்று ஒரு ஏக்கம் இந்த நாட்டில் பரவியது. அந்த ஏக்கத்தின் நிறம்தான் இந்த மிதமான பழுப்பு. ஆரம்பகால அமெரிக்கர் யாரும் இதன்மேல் நடந்திருக்க வாய்ப்பில்லை.

மரப் பெயர்களில் எனக்கு உறுத்தியது செஸ்ட்நட். அட்டையில் இருப்பது இங்கிலீஷ் செஸ்ட்நட்தான். ஆனால் அமெரிக்காவுக்கென்று சொந்தமாக ஒரு செஸ்ட்நட் மரம் இருந்தது. அப்பலாச்சியக் காடுகளில் அதுதான் ராஜா. 1904-இல் நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த மரக்கன்றுகளோடு வந்தது. அடுத்த ஐம்பது வருடத்துக்குள் நூற்றுக்கணக்கான கோடி மரங்கள் போய்விட்டன. இன்று பல இடங்களில் பழைய வேரிலிருந்து துளிர் வரும், கொஞ்சம் வளர்ந்ததும் நோய் தாக்கிச் சாகும். செஸ்ட்நட் காட்டைப் பார்த்த தலைமுறையே கிட்டத்தட்ட இல்லை, பெயர் மட்டும் டப்பாவில் இருக்கிறது. இதற்காக நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அட்டையை வெறும் நிறப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ள அதற்கப்புறம் எனக்கு மனம் வரவில்லை.

3. மரம் ஒத்துழைக்காத இடம்

பெயர் என்னவாக இருந்தால் என்ன, நிறம் சரியாக இருந்தால் போதாதா? நியாயமான கேள்வி. சிக்கல் என்னவென்றால், அட்டையில் இருப்பது உங்கள் தரையின் நிறமே இல்லை.

ரெட் ஓக்கின் ஆண்டு வளையத்தில், வசந்தத்தில் வளரும் பகுதியில் பெரிய பெரிய நுண்துளைகள் இருக்கும். ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் குமிழி வரும். அவ்வளவு திறந்த குழாய்கள். வொயிட் ஓக்கில் இது நடக்காது. அதன் குழாய்களை உள்ளேயே ஒரு வளர்ச்சி அடைத்திருக்கும். விஸ்கி, ஒயின் பீப்பாய்களை வொயிட் ஓக்கில் செய்வது அதனால்தான். நிறமித் துகள் கலந்த ஸ்டெயினை ரெட் ஓக்கில் தேய்த்துத் துடைத்தால், துளையுள்ள இடத்தில் துகள்கள் தங்கிவிடும். அடர்த்தியான இடத்தில் துடைப்போடு வந்துவிடும். ஆகவே நிறம் எவ்வளவு அடர்த்தியோ, ரேகைகள் அவ்வளவு வரிவரியாகத் தெரியும். வால்நட் மரத்தின் ரேகை இதைவிட நுணுக்கமானது, அமைதியானது. வால்நட் ஸ்டெயின் பூசிய ஓக், வால்நட் போல இருக்காது. வால்நட் சட்டை போட்ட ஓக் போல இருக்கும். அதன் ரேகையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது போதாதென்று இன்னும் நாலு காரணிகள். கடைசியாக எந்த எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள் என்பது ஒன்று. 80 போட்ட இடத்தைவிட 120 போட்ட இடம் சாயத்தைக் குறைவாகப் பிடிக்கும். சாயத்துக்கு முன்னால் தரையை ஈரத்துணியால் துடைத்து மரநாரை எழுப்பினார்களா என்பது இரண்டாவது. எழுப்பினால் நிறம் கூடும். மேலே போடும் பாலியூரித்தேன் எண்ணெய் வகையா, தண்ணீர் வகையா என்பது மூன்றாவது. எண்ணெய் வகை போட்ட அன்றே கொஞ்சம் மஞ்சள், வருடம் போகப் போக இன்னும் மஞ்சள். நான்காவது வெளிச்சம். இரவில் 2700 கெல்வின் பல்பில் தேன் போல இருந்த மாதிரி, காலையில் வடக்கு ஜன்னல் பக்கம் செத்துப்போய்க் கிடந்தது.

ஐந்தாவதாக ஒன்றை நானே கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். தரை வேலை செய்தவர் ஐந்து நிறங்களை ஹாலில் அடுத்தடுத்துப் பூசிக் காட்டினார். எல்லாமே எனக்கு ரோஸ் கலந்து தெரிந்தன. ரெட் ஓக்குக்கு அந்தச் சுபாவம் உண்டு, சரி. ஆனால் இவ்வளவா? இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, ஹால் சுவர் வெளிர்ப்பச்சை. ஒரு பெரிய வெள்ளை அட்டைப்பெட்டியைப் பிரித்துச் சுவரை மறைத்துப் பார்த்தேன். பாதி ரோஸ் காணாமல் போய்விட்டது.

இது புதிய விஷயம் இல்லை. பாரிசில் கோப்லின் சித்திரத்துணி ஆலையின் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், 1839-இல் இதைப் பற்றித் தடிமனான ஒரு நூலே எழுதினார். அங்கே கருப்பு நூலில் கருமை பத்தவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கருப்பை வெளிறவைத்தன. ஒரு நிறம், பக்கத்து நிறத்தைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும். பச்சைச் சுவர் என் தரையைச் சிவப்பின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில், ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளை மாற்றிவிட்டுப் பிழை தேடாதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். வீட்டுக்கு வந்து ஐந்து மாறிகளை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறேன்.

4. ஸ்டிக்லியின் வாதம்

சாயமே வேண்டாம் என்ற என் கட்சிக்கு ஆள் பிடிக்கப் போய்த்தான் ஸ்டிக்லியிடம் வந்தேன். எங்கள் பக்கத்தில்தான், பார்சிப்பனியில், அவர் கட்டிய பண்ணைவீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஸ்டிக்லி 1858-இல் விஸ்கான்சினில் பிறந்தவர். அமெரிக்கக் கைவினை இயக்கத்தின் முக்கியமான ஆள். 1901-இல் 'தி கிராஃப்ட்ஸ்மன்' என்ற இதழைத் தொடங்கினார். முதல் இதழ் வில்லியம் மாரிஸுக்கு, இரண்டாவது ரஸ்கினுக்கு. அந்தப் பண்ணைவீட்டை எந்த மரத்தில் கட்டினார் தெரியுமா? அந்த நிலத்திலேயே நின்ற செஸ்ட்நட் மரங்களில். 1910 வாக்கில், நோய் பரவிக்கொண்டிருந்த சமயத்தில். உள்ளே நின்றுகொண்டு அந்த உருண்டை மரங்களைத் தொட்டுப் பார்த்தபோது, அட்டையில் இருந்த சின்னக் கட்டம் ஞாபகம் வந்தது.

ஸ்டிக்லியின் கொள்கை சுருக்கமாக இதுதான். மரத்தின்மேல் நிறத்தைப் பூசாதே, மரத்துக்குள் இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவா. அதற்கு அவர் கையாண்ட முறை அம்மோனியா புகை. ஓக்கில் துவர்ப்புப் பொருளான டானின் இருக்கிறது. மூடிய அறையில் மரத்தையும், 26 சதவீத அம்மோனியாக் கரைசலையும் வைத்தால், அந்த ஆவி டானினோடு வினைபுரிந்து மரம் உள்ளுக்குள்ளேயே பழுப்பாகும். குதிரை லாயத்தில் கிடந்த ஓக் மரம் கருத்துப்போனதைப் பார்த்துத்தான் இந்த வழி பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். வெளிர் நிற மேப்பிளுக்கு, இரும்பை வினிகரில் ஊறவைத்த கரைசலைப் பரிந்துரைத்தார். இது நமக்குத் தெரியாத வித்தை இல்லை. கடுக்காயின் துவர்ப்பில் ஊறிய துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் வரைந்தால் கருப்பு வரும். கலம்காரித் துணியின் கருப்புக் கோடு அப்படித்தான் பிறக்கிறது.

படிக்கும்போது எனக்கு ஆஹா என்று இருந்தது. பூசாமலே நிறம்! பொய் இல்லாத பழுப்பு! ஆனால் தொடர்ந்து படித்ததில் மூன்று ஓட்டைகள் தெரிந்தன.

ஒன்று, புகை போடுவது வைரம் பாய்ந்த பகுதியில்தான் நன்றாகப் பிடிக்கும். ஓரத்து இளமரத்தில் டானின் குறைவு, அது வெளுப்பாகவே நிற்கும். அந்த வெளுப்புக் கோடுகளை என்ன செய்வது? மற்ற இடத்தோடு பொருந்தும்படி சாயம் தொட்டுவிட வேண்டியதுதான். கொள்கை சுத்தமாக இருந்தது, நாற்காலியில் சாயம் இருந்தது.

இரண்டு, இந்த முறையின் பெருமையே, காலம் பல வருடத்தில் செய்வதைச் சில நாளில் செய்துவிடுவதுதான். நேற்று அறுத்த பலகையை நூறு வருடப் பலகையாக்குவது எந்த வகை உண்மை? மரத்தின் சொந்த ரசாயனத்தால் சொல்லப்பட்டாலும், வயதைப் பற்றிய பொய் பொய்தானே? ஜேக்கபியன் டப்பா செய்வதும் அதேதான், கொஞ்சம் மலிவாக.

மூன்று, இது வொயிட் ஓக்குக்கு ஏற்ற முறை. டானின் குறைந்த ரெட் ஓக்கில் நிறம் சரியாக ஏறாது. 26 சதவீத அம்மோனியா கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து. குடியிருக்கும் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாது. என் தரைக்கு ஸ்டிக்லியிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பழுப்பு, நேர்மையின் நிறம் என்று பெயரெடுத்து, கடைசியில் ஒரு மோஸ்தராக ஆனது. எல்லாரும் நகலெடுத்தார்கள். பிறகு மோஸ்தர் மாறியது. 1915-இல் ஸ்டிக்லி திவாலானார். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, விரிவாக்கத்தில் அகலக்கால் வைத்தது உட்பட. ஆனால் என் சாம்பல் தரையை நினைத்தால், நிறத்தை நம்பி ஏமாந்த சங்கத்தில் அவரும் ஒரு மூத்த உறுப்பினர் என்று தோன்றுகிறது.

5. ரஸ்கின் உண்மையில் சொன்னது

ஸ்டிக்லிக்கு மூலம் ரஸ்கின். 1849-இல் வந்த 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் உண்மை என்ற விளக்கைப் பற்றிய அத்தியாயத்தில், ஒரு பொருளை வேறு பொருள் போலக் காட்டும் பூச்சைப் பொய் என்று வகைப்படுத்துகிறார். மரத்தைப் பளிங்கு போல வரைவது அவருடைய உதாரணம். 'சாயம் பொய்' என்று நான் வீட்டில் சொன்னதும் இந்த வழியாக எங்கோ கேட்டதுதான். நமக்கும் இது புதிதல்ல. "சாயம் வெளுத்துப்போச்சு" என்றாலே குட்டு உடைந்தது என்று அர்த்தம். நீலத் தொட்டியில் விழுந்து ராஜாவான நரிக்கதை தெரியாத குழந்தை உண்டா?

ஆனால் அத்தியாயத்தை முழுதாகப் படித்தால் ரஸ்கின் ஒரு விலக்கு வைக்கிறார். கட்டடத்தில் தங்க முலாம் பூசுவது பொய் இல்லை என்கிறார். ஏனென்றால் அதைப் பார்த்து யாரும் கெட்டித் தங்கம் என்று நினைக்கமாட்டார்கள். அதே முலாம் நகையில் இருந்தால் பொய், ஏனென்றால் அங்கே நம்பிவிடுவார்கள். இது முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். பொய் எது என்பதைப் பூச்சு தீர்மானிக்கவில்லை, பார்க்கிறவர் எதை நம்புவார் என்பது தீர்மானிக்கிறது.

இந்த அளவுகோலில் என் தரையை வைத்தால், என் வாதம் நிற்கவில்லை. ஜேக்கபியன் பூசிய ஓக்கைப் பார்த்து 17-ஆம் நூற்றாண்டு என்று எந்த விருந்தாளியும் ஏமாறப் போவதில்லை. ரேகை வேறு காட்டிக்கொடுக்கும். மறுபக்கம், நான் பிடித்துத் தொங்கிய 'இயற்கை' என்ன யோக்கியம்? அட்டையில் 'நேச்சுரல்' என்பதும் ஒரு டப்பா. பச்சை மரம் போலவே தெரிய வேண்டும் என்றால், அதற்காகவே துளி வெள்ளை நிறமி கலந்த பூச்சுகள் விற்கிறார்கள். எண்ணெய் பாலியூரித்தேன் போட்டால் மரம் அம்பர் நிறமாகிறது. எதுவுமே போடாவிட்டால் ஆறு மாதத்தில் அழுக்கு நிறமாகிறது. நான் கேட்ட நிறம் உப்புத்தாள் ஓய்ந்த அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான் இருந்தது.

6. யாருக்காக

அப்படியானால் பொய்யே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முந்தைய வீட்டின் சாம்பல் தரை பொய். அது வேறு மரம் போல நடித்ததால் இல்லை. எங்களுக்குப் பிடித்தது போல ஏழு வருடம் நாங்கள் நடித்ததால். வருகிறவர்களிடம் "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதை வீட்டில் சொன்னேன். அட்டையின் பெயர்களைக் கிண்டல் செய்து நான் நடத்திய நீண்ட உரைக்குப் பிறகு, மனைவியிடம் முதல் முறையாக ஒரு சாதாரணக் கேள்வி கேட்டேன்: "உனக்கு ஏன் அவ்ளோ டார்க்கா வேணும்?" படங்களில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"எங்க ஆச்சி வீட்டுத் தரை அப்படித்தாங்க இருக்கும். பட்டாசாலையில கருப்பு சிமென்ட் தரை. தெனம் தொடச்சுத் தொடச்சு மொகம் தெரியும். மத்தியானம் வெறுந்தரையில படுத்தா ஜில்லுனு இருக்கும். அட்டையில அது இல்ல, அதுக்குக் கிட்டக்க இருந்தது இதுதான்."

ஜேக்கபியன் என்ற பெயரை அவர் படிக்கவே இல்லை. நான்தான் படித்தேன், ஆராய்ந்தேன், 1603-க்குப் போனேன். அவருக்கு அந்தக் கட்டம் வேறொரு வீட்டின் தரை. பிலடெல்பியாப் பொருட்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒரு பழுப்பைத் தேடியது போல, இவர் ஒரு கருப்பைத் தேடியிருக்கிறார். அவர்கள் ஏக்கத்துக்கு டப்பாவில் ஒரு பெயர் இருக்கிறது, இவருடையதற்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாம் பகுதியில் நான் எழுதியிருக்கும் கிண்டலை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். தகவல் சரி என்பதால் விட்டிருக்கிறேன். தொனி சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

7. என்ன செய்தோம்

தேய்த்து முடித்த தரையில், ஹாலில் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று என்று மூன்று இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி மாதிரி போடச் சொன்னோம். ஒவ்வொன்றின்மேலும் பாலியூரித்தேனும் ஒரு கை. காலை, மதியம், இரவு பார்த்தோம். மனைவி தன் பங்குக்கு ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு சிட்டிகை அரிசிமாவு, ஒரு தலைமுடி, ஒரு சொட்டு விளக்கெண்ணெய். முழு ஜேக்கபியனில் மாவும் முடியும் பளிச்சென்று தெரிந்தன. "தெனம் ரெண்டு தடவ கூட்டணும்" என்று அவரே சொல்லிவிட்டார். பூசாத மாதிரியில் எண்ணெய்ச் சொட்டு நன்றாகத் தெரிந்தது. என் கட்சியும் தோற்றது.

கடைசியில் ஜேக்கபியன் பாதி, ஸ்பெஷல் வால்நட் பாதி. இப்படிக் கலப்பது வேலைக்காரர்களுக்குச் சகஜம். அந்தக் கலவைக்கு அட்டையில் பெயர் கிடையாது. கருப்புத் தரை ஆகவில்லை. ஆனால் சாயங்காலம் விளக்கேற்றும்போது அதற்குக் கிட்டக்க வருகிறது என்கிறார். எனக்கு அந்த ஆச்சி வீடு தெரியாது, ஆகவே நான் கருத்துச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறதா என்றால், ரேகை நான் பயந்த அளவு வரிவரியாக இல்லை. மூன்று மாதம் ஆகிறது, பிடித்திருக்கிறது.

பின்னால் ஒட்டுவேலை வந்தால் வேண்டுமே என்று விவரத்தைக் குறித்து வைக்கிறேன். கடைசி உப்புத்தாள் 100. சாயத்துக்கு முன் ஈரத்துணித் துடைப்பு. சாயம் 1:1, எண்ணெய் வகை. தண்ணீர் வகைப் பாலியூரித்தேன் மூன்று கை, சாயம் முழுதாகக் காய்ந்த பிறகு. சாயம் துடைத்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் போடுங்கள்.

ஹால் சுவரை இன்னும் மாற்றவில்லை. அடுத்து அதற்கு ஒரு அட்டை வரும். இந்த முறை பெயர்களை ஆராய்வதற்கு முன்னால், யாருக்கு எது ஏன் பிடிக்கிறது என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பதாக உத்தேசம். ஸ்டிக்லி, ரஸ்கின் பற்றி நான் சொன்னதில் பிழை இருந்தால் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறேன்.